எட்டடி மேற்கே

சீவர்ட்டுக்கு நேராக உழத் தெரியும். இதை அவன் அக்கா ஓஸ்தா யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். மின்னசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லாத அந்தப் புல்வெளியில், ஏர் பிடிப்பவன் பார்வையை எதன்மேல் நிறுத்துவான்? மற்றவர்கள் தூரத்தில் ஒரு கழியை நட்டு, அதில் துணி கட்டிவிட்டு உழத் தொடங்குவார்கள். அப்படியும் சால் பாம்பு போல நெளியும். சீவர்ட் மாட்டுக் கொம்புகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தபடி போவான். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

அவனை வளர்த்தவள் அவள்தான். கடலுக்கு அப்பால் நார்வேயில், அவர்கள் அப்பா இன்னொருவர் நிலத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு வாடகையாக அந்தப் பண்ணையில் வருஷம் முழுக்க உழைத்தவர். அம்மா சீவர்ட்டைப் பெற்றுப் போட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போது ஓஸ்தாவுக்கு ஒன்பது வயது. பகலில் பண்ணைக்காரர் ஆடுகளை மேய்த்தாள். இரவில் ஆட்டுப்பாலில் துணியை நனைத்துத் தம்பி வாயில் பிழிந்தாள். படுத்தது பண்ணைக்காரர் வைக்கோலில், போர்த்தியது பண்ணைக்காரர் கம்பளியில். 'நம்முடையது' என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அப்பாவும் போன பிறகு இருவரும் கப்பல் ஏறினார்கள். முதலில் விஸ்கான்சினில் எல்லிங் என்பவரின் பண்ணையில் வேலை. எல்லிங்கும் நார்வேக்காரர்தான், முன்னாலேயே வந்து காட்டை வெட்டி, மரங்கள் சூழ வீடு கட்டி, பழமரங்கள் வைத்து, கொஞ்சம் தொந்தியும் வைத்திருந்தார். ஓஸ்தா அங்கே அடுப்படியில், சீவர்ட் ஏரில். மூன்று வருஷம் உழுதான். அந்த மூன்று வருஷத்தில் எல்லிங்கின் மூத்த மகள் மாலேனே, வயலுக்குக் காபி கொண்டுபோகும் வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சீவர்ட் நேரே போய்ப் பெண் கேட்டான். அவனுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"நல்ல பையன்தான் நீ. அதுக்காக நிலம் இல்லாதவனுக்குப் பொண்ணு குடுக்க முடியுமா? உன் பேர்ல நிலம் எழுதி வாங்கிட்டு வா. இவ இங்கேதான் இருப்பா," என்றார் எல்லிங்.

நிலத்துக்கு அரசாங்கமே வழி வைத்திருந்தது. மேற்கே போய் நூற்றறுபது ஏக்கரைக் குறித்துக்கொள்ளலாம். அதிலேயே வீடு கட்டி, அதிலேயே குடியிருந்து, ஐந்து வருஷம் உழ வேண்டும். பிறகு நில அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு பைபிள்மேல் கைவைத்து, "இந்த நிலத்தின்மேல் இருக்கும் வீட்டில்தான் குடியிருந்தேன்" என்று சத்தியம் செய்தால் பட்டா. கல்யாணமாகாத பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு என்று கேள்விப்பட்ட அன்று ஓஸ்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த இரண்டு துண்டுகளைக் குறித்துக்கொண்டார்கள். கிழக்குத் துண்டு அவளுக்கு, மேற்குத் துண்டு அவனுக்கு. இரண்டு வீடு கட்டப் பலகைக்குக் கதியில்லை. அந்தப் பக்கத்தில் பலரும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்: எல்லைக்கோட்டின்மேல் ஒரே வீடு. பாதி வீடு அக்கா நிலத்தில், பாதி தம்பி நிலத்தில். அவரவர் கட்டில் அவரவர் நிலத்தில். சட்டத்துக்கும் சரி, குளிருக்கும் சரி.

ஆனால் கோடு எங்கே இருக்கிறது? அளந்துபோன அரசாங்க ஆட்கள் மூலைகளில் முளைக்குச்சி அடித்திருந்தார்கள். ஓஸ்தா நிலத்தின் கிழக்கு மூலையில் குச்சி இருந்தது. நடுக்கோட்டில் இருக்க வேண்டிய குச்சியைக் காணோம். புல்வெளித் தீ ஏதோ ஒரு இலையுதிர் காலத்தில் அதைத் தின்றுவிட்டிருந்தது. அதற்கும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி உண்டு. வண்டிச் சக்கரத்தின் சுற்றளவை அளந்துகொள்வது, ஆரக்காலில் ஒரு துணியைக் கட்டுவது, துணி எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணிக்கொண்டே மாட்டை ஓட்டுவது. விஸ்கான்சினில் கிளம்பும்போதே ஓஸ்தா சக்கரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அவள் எதையும் இருமுறை அளப்பவள். அவள் கணக்குச் சொல்ல, கிழக்குக் குச்சியிலிருந்து மேற்கே சீவர்ட் எண்ணிக்கொண்டே நடந்தான். எண்ணிக்கை முடிந்த இடத்தில் கோடாலியை மண்ணில் இறக்கினான்.

அங்கேதான் வீடு எழுந்தது. தரைப்பலகையில் வீட்டை இரண்டாக்கி ஒரு சிவப்புக் கோடு போட்டான் சீவர்ட். தெற்கே அடுத்த நிலம் குல்பிரான்ட் என்ற தனிக்கட்டையுடையது. காபி வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிடுவான்.

"அக்கா, உப்பு அந்தப் பக்கம் இருக்கு, ரொட்டி இந்தப் பக்கம் இருக்கு. எல்லை தாண்டி வாங்கினா வரி உண்டா?"

"உனக்கு மட்டும் உண்டு. ரெண்டு வாளி தண்ணி," என்பாள் ஓஸ்தா. அவன் புலம்பிக்கொண்டே இறைத்துக் கொடுப்பான்.

ஐந்து வருஷம் ஓடிற்று. மாலேனேயிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் அறுப்புக்கு ஒன்றும் கடிதம் வரும். சீவர்ட் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வயலின் கடைசி முனைவரை போய்ப் படித்துவிட்டு வருவான். வந்து, "எல்லாரும் சௌக்கியம்" என்பான். அவ்வளவுதான் ஓஸ்தா காதுக்குக் கிடைக்கும். ஐந்தாம் வருஷம் வசந்தத்தில் அவன் கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பெண்பிள்ளை சால்வை மாட்டும் உயரத்தில் இருந்தது ஆணி.

சத்தியம் செய்யப் போவதற்கு ஒரு மாதம் முன்பு குல்பிரான்ட் தன் வடக்கு எல்லையில், தீ தாண்டாமலிருக்க ஒரு பட்டை உழுதுகொண்டிருந்தான். ஏர் நின்றது. குனிந்து பார்த்தவன் கூப்பிட்டான். குரலில் கேலி இல்லாததால்தான் இருவரும் ஓடினார்கள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை நிறையக் கரி கிளம்பியிருந்தது. நடுவில் கருகிய முளைக்குச்சியின் அடித்துண்டு. மூலைக்குச்சிக்கு அடியில் கரியைப் புதைப்பது அளவுக்காரர்கள் வழக்கம். மரம் எரிந்தாலும் உளுத்தாலும் கரி மக்காது. குச்சியில் கத்தியால் கீறிய அடையாளம்கூட இருந்தது.

மூவரும் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டின் மேற்குச் சுவர் குச்சிக்குக் கிழக்கே நின்றது. வீடு முழுவதும் ஓஸ்தாவின் நிலத்தில் இருந்தது. சிவப்புக் கோடு, கட்டில், புது ஆணி, எல்லாம். சீவர்ட் தன் நிலத்தில் ஒரு நாள்கூடப் படுத்திருக்கவில்லை.

ஓஸ்தா உள்ளே போய்ப் பழைய கயிற்றைத் தேடி எடுத்துவந்து சக்கரத்தைச் சுற்றினாள். கட்டைவிரல் அகலத்தில் பாதிக்குக் கயிறு மிஞ்சியது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விஸ்கான்சினிலிருந்து வரும் வழியில் வெயிலில் சக்கரக் கட்டை காய்ந்து சுருங்கி, இரும்புப் பட்டை லொடலொடவென்று கழன்றது. ஒரு கொல்லன் பட்டையை வெட்டிக் குறுக்கி, பழுக்கக் காய்ச்சி, மறுபடி இறுக்கிக் கொடுத்தான். கயிறும் சரி, எண்ணிக்கையும் சரி. சக்கரம்தான் நடுவில் சிறுத்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு துண்டின் அகலமான அரை மைலுக்குள் எட்டடி குறைந்துவிட்டது.

"எட்டடிதானே," என்றான் குல்பிரான்ட். "ஆறு ஜோடி மாடு கட்டினா காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வீட்ட இழுத்து வச்சுடலாம். அஞ்சு வருஷமா இங்கதான் இருந்துச்சுன்னு நான் சாட்சி சொல்றேன். இந்தப் புல்லுக்கு வாய் இருக்கா என்ன?"

சீவர்ட் கரியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"பைபிள் மேல கை வைக்கணும் குல்பிரான்ட்."

"மனசறிஞ்சு செஞ்ச தப்பாடா இது?"

"அன்னிக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சே."

அதற்கு மேல் அவனை அசைக்க முடியவில்லை. ஓஸ்தா தன் பட்டாவை வாங்கினாள். வாங்கிய காகிதத்தை மேஜையில் அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்க. உன் பேருக்கு மாத்தித் தரேன். எல்லிங் கேட்டது நிலம்தானே. யாரு படுத்து வாங்கினதுன்னா கேட்டாரு?"

"நீ?"

"நான் உன் அடுப்படியில இருந்துட்டுப் போறேன்."

அவன் காகிதத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினான். "ஒன்பது வயசுலேருந்து ஊரான் வைக்கோல்ல படுத்தவ நீ. மறுபடியும் உன்னை ஒருத்தர் வீட்டுல படுக்க வைக்கவா நான் அஞ்சு வருஷம் உழுதேன்? போ அக்கா, காபி போடு."

அவன் பழைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டான். மறுபடி முதலிலிருந்து ஐந்து வருஷம். கோட்டுக்கு மேற்கே, புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி ஒரு மண்வீடு கட்டினான். கண்ணாடி ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. எல்லோரும் தெற்கே ஜன்னல் வைப்பார்கள், வெயில் வரும், வயலும் தெரியும். அவன் கிழக்கே வைத்தான். கிழக்கே கூப்பிடு தூரத்தில் அக்காவின் வீடு. ஓஸ்தாவுக்கு உள்ளுக்குள் பெருமை. அக்காமேல் கண்ணாக இருக்கிறான் என்று குல்பிரான்டிடம் இரண்டு தரம் சொன்னாள்.

பனிப்புயல் அடித்தால் பத்தடிக்குள் மனிதன் வழி தவறிச் செத்துவிடும் ஊர் அது. அதனால் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினார்கள். அவள் முனையில் ஒரு மாட்டுமணி. புயல் அடிக்கும் காலையில் அவன் கயிற்றை இழுப்பான், மணி அடிக்கும், தம்பி இருக்கிறான் என்று அர்த்தம். மணி அடிக்கும்வரை அவள் அடுப்பு மூட்டமாட்டாள்.

முதல் குளிர்காலத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். அவன் பாட்டை நிறுத்திவிட்டான். முன்பெல்லாம் பால் கறக்கும்போது ஏதாவது முனகுவான். இப்போது பசுக்கள் காதை ஆட்டிக்கொண்டு சும்மா நின்றன. மாலேனேக்கு நடந்ததை எழுதிப் போட்டிருந்தான், பதில் வரவில்லை. எல்லிங் வேறு இடம் பார்க்கிறார் என்று அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார். சீவர்ட் அதைக் கேட்டுவிட்டு, வந்தவரின் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான்.

அடுத்த அறுப்பு முடிந்ததும் ஓஸ்தா கதிரடிக்கும் ஆட்களுக்குப் பண்ணை பண்ணையாகச் சமைத்துப் போட்டாள். அந்தக் கூலியில் ரயில் ஏறினாள். தம்பியிடம், பல் வலி, நல்ல வைத்தியரைப் பார்க்கப் போகிறேன் என்றாள். பைபிளில் கை வைக்காததால் அது பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எல்லிங்கின் அடுப்படி அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மரத்தின் நிழலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மாலேனே உருளைக்கிழங்கு மாவை ரொட்டியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் முழங்கை மெலிந்திருந்தது.

"வா ஓஸ்தா. நீ நிலக்காரி ஆயிட்டியாமே," என்றார் எல்லிங். "உன் தம்பி மாட்டுக்காரனாவே இருக்கானாமே."

"எட்டடிக்குப் பொய் சொல்லல. அதனால இருக்கான்."

"அதைத்தான் நானும் கேள்விப்பட்டேன். எட்டடிக்காக நூற்றறுபது ஏக்கரை விட்டவன். இதுக்குப் பேரு நேர்மையா, வேற ஏதாவதா?"

"எட்டடிக்குப் பொய் சொல்லாதவன், உங்க பொண்ணுகிட்ட ஆயுசுக்கும் பொய் சொல்லமாட்டான்."

"சரி, சொல்லமாட்டான். அதை வேகவச்சுத் தின்ன முடியுமா?"

ஓஸ்தா காபிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். இனி வேண்டாம் என்று அர்த்தம். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கோபத்தை யாரும் காட்டியதில்லை. "உங்க வயல்ல மூணு வருஷம் உழுதானே. ஒரு சால், ஒரே ஒரு சால் கோணலா இருந்துச்சா?"

எல்லிங் ஜன்னல் பக்கம் பார்த்தார். தொந்தியைத் தடவிக்கொண்டார். "இல்ல," என்றார். "அதுக்கப்புறம் வந்தவனுங்க உழுததைப் பாத்துத்தான் எரிச்சல் எரிச்சலா வருது."

பிறகு ஓஸ்தா பக்கம் திரும்பினார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். அவன் பேருல நிலம் வரணும். அதுவரைக்கும் இவளுக்கு வேற இடம் பாக்கமாட்டேன். என்னால ஆனது அவ்வளவு." அவர் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் மாலேனே நிமிர்ந்தாள். "அப்பா ஒத்துக்குவாரா மாட்டாரான்னு தெரியாம என்னத்தை எழுதறது? அதான் எழுதல அக்கா." மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். நிறைய கேட்பாள் என்று ஓஸ்தா எதிர்பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவரு மண்வீட்டுல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"என் வீட்ட..." என்று ஆரம்பித்த ஓஸ்தா நின்றுவிட்டாள். தன் வீடு அங்கே எத்தனை சின்னது, அதற்குப் பின்னால் கிழக்கே எவ்வளவு தூரம் போகிறது என்று, அந்தத் தூரத்தை அப்போதுதான் ரயிலில் கடந்து வந்திருந்த அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. "கிழக்கே," என்றாள். "கிழக்கே பாத்து வச்சிருக்கான் பொண்ணே."

மாலேனே மறுபடி மாவைத் தேய்க்கத் தொடங்கினாள். ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து ரொட்டியில் ஓட்டை விழுந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஓஸ்தா தம்பியிடம் சொன்னாள்: "பல் சரியாயிடுச்சு. வேற இடம் பாக்கமாட்டாராம்." அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். பால் வாளியை எடுத்துக்கொண்டு போனான். சற்றுப் பொறுத்துக் கொட்டகையிலிருந்து முனகல் கேட்டது. ராகம் தப்பியிருந்தது; அவனுக்கு எப்போதும் தப்பும்.

மிச்சக் காலம் லேசாகப் போகவில்லை. அடுத்த கோடையில் வெட்டுக்கிளி வந்தது. மேற்கே மேகம் பளபளத்தது, பிறகு அந்த மேகம் இறங்கிற்று. கோதுமை போயிற்று, வெங்காயம் மண்ணுக்குள் குழியாகும்வரை போயிற்று, மண்வெட்டிப் பிடியில் வேர்வை பட்ட இடத்தைக்கூடக் கொறித்துவிட்டுப் போயின. அக்கம்பக்கத்தில் பலர் வண்டியைக் கிழக்கே திருப்பினார்கள். ஓஸ்தாவும் ஒரு நாள் சொல்லிப்பார்த்தாள், விட்டுவிட்டு அங்கேயே போய்க் கூலிக்கு நின்றாலாவது மாலேனே முகத்தைத் தினமும் பார்க்கலாமே என்று.

"பாக்கலாம்," என்றான் சீவர்ட். "பாத்துட்டு மாட்டுக்கொட்டகையில போய்ப் படுக்கலாம்." அடுத்த வசந்தத்தில் கடனுக்கு விதை வாங்கி மறுபடி உழுதான். சால் எப்போதும்போல நேராக இருந்தது. ஆனால் அவன் இப்போது கிழக்கே போகும்போது மெதுவாகவும், மேற்கே திரும்பும்போது வேகமாகவும் உழுகிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது ஐந்து வருஷம் முடிந்தபோது குல்பிரான்டும் இன்னொருவரும் சாட்சிக்குப் போனார்கள். சீவர்ட் கை வைத்துச் சத்தியம் செய்தபோது குரல் நடுங்கவில்லை என்றும், வெளியே வந்து குதிரைக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான் என்றும் குல்பிரான்ட் பிறகு சொன்னான்.

இலையுதிர்காலத்தில் எல்லிங் தானே மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மாலேனேக்கு முன்நெற்றியில் நாலைந்து நரை. கையில் ஒரு ஈரச் சாக்குப்பொட்டலம். சீவர்ட் அவளிடமிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.  பத்து வருஷத்துக்கு முன் வயலுக்குக் கொண்டுவந்த காபி ஆறிப்போன மாதிரி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருவரும் நின்றார்கள்.

பாதிரியார் வந்து கல்யாணம் முடித்தார். பாலாடைக் கஞ்சியைச் சாப்பிட்டுக்கொண்டே குல்பிரான்ட் ஆரம்பித்தான். "இப்பவாவது இந்த வீட்ட அது போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாமா? சட்டத்துக்கு இல்ல. எனக்கே பாக்க உறுத்துது."

சீவர்ட் அக்காவைப் பார்த்தான். "உனக்கு இடைஞ்சலாக்கா?"

அவளுக்கென்று ஒரு வீடு, அவளுக்கென்று ஒரு நிலம், யாரும் குறுக்கே வராத ஐந்து வருஷம். அதில் ஒரு புயல் காலையிலும் மணி அடிக்குமுன் அவள் அடுப்பு மூட்டியதில்லை.

"என் கட்டில் என் நிலத்துல இருக்கட்டும்," என்றாள். "மத்தது உங்க இஷ்டம்."

வீட்டுக்கு அடியில் உருளைக் கட்டைகளைக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து மாடுகளெல்லாம் வந்தன. எல்லிங் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரில் தோள் கொடுத்து, ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு வசவு வைதார். எட்டடி. கோடு, கரி புதைந்த இடத்துக்கு நேராக வந்து நின்றது. ஓஸ்தா கயிறு பிடித்து இருமுறை அளந்துவிட்டுத்தான் மாடுகளை அவிழ்க்கச் சொன்னாள்.

வீடு நகர்ந்த இடத்தில், கிழக்குப் பக்கம், எட்டடிக்கு வெறும் மண் வெளுத்துக் கிடந்தது. பத்து வருஷமாக வெயில் படாத மண். எல்லோரும் உள்ளே போன பிறகு மாலேனே அங்கே வந்து நின்றாள். கையில் அந்த ஈரச் சாக்கு.

"அக்கா, இது உங்க நிலம்தானே?"

"ஆமா."

"எங்க வீட்டு நெல்லிப்புதர்க் குச்சி கொஞ்சம் வெட்டிட்டு வந்தேன். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே இருக்குமே, அது. இங்க வைக்கட்டுமா?"

ஓஸ்தா மண்வெட்டியை எடுத்துவந்தாள். மாலேனே ஒவ்வொரு குச்சியாக நட்டு, மண்ணைக் குதிகாலால் மிதித்து இறுக்கினாள். கடைசிக் குச்சியை நட்டபின்பும் எழுந்திருக்காமல், கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

ஓஸ்தா அவளைக் கூப்பிடவில்லை. உள்ளே போய், சிவப்புக் கோட்டைத் தாண்டி, தம்பி பக்கத்துக் கதவோர ஆணியில் தொங்கிய சால்வையை எடுத்துவந்து அவள் தோளில் போட்டுவிட்டு, காபி வைக்கப் போனாள்.